இரண்டு போத்தல்களில் ஒரே மஞ்சள்

1. முதல் வியாழன்

1991ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஏழாம் திகதி, வியாழக்கிழமை, காலை ஆறு மணி நாற்பதுக்குக் கொக்குவிலில் இருந்த அந்த நீரிழிவுக் கிளினிக்கின் படலையைத் திறந்தேன். கிளினிக் என்பது அதற்குச் சற்றுப் பெரிய சொல். ஒரு வாசிகசாலையின் பின்மண்டபம்; அதற்குள் இரண்டு மேசைகள், ஒரு துணி மறைப்பு, ஒரு மதுசார விளக்கு; வெளியே மாமரத்தின் கீழ், காத்திருப்பவர்கள் இருக்க, நீளமான ஒரு மர வாங்கு. வியாழக்கிழமைகளில் மட்டும் ஒரு டொக்டரும் ஒரு தாதியும் சைக்கிளில் வருவார்கள். தாதியை எல்லோரும் மிஸி என்றே அழைத்தார்கள்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் எங்கள் பல்கலைக்கழக விடுதிக்கு மிஸி வந்து தொண்டர் ஒருவர் தேவை என்று கேட்டபோது, நெடுநேரம் ஒருவரும் கை உயர்த்தாததால் நான் உயர்த்தினேன். அப்போது தமிழ் சிறப்புக் கலையில் இரண்டாம் வருடம். அந்தக் கிளினிக் மேசைக்கு இனி வரப்போகும் மாணவர்களுக்காகவே இக்குறிப்பை எழுதுகிறேன். செய்முறையை மிஸி சொல்லித் தருவார். அவர் சொல்ல மறப்பவை சில உண்டு.

எட்டரைக்கு வந்த டொக்டர் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்:

"பிள்ளை, நீர் என்ன படிக்கிறீர்?"

"தமிழ், டொக்டர்."

"நல்லது. நிறத்துக்குப் பேர் சொல்லத் தெரியுமோ?"

தெரியும் என்றேன். அத்துடன் நேர்முகத் தேர்வு முடிந்தது.

வேலை இதுதான். ஒவ்வொரு நோயாளியும் தம் சிறுநீரை ஒரு சிறு போத்தலில் கொண்டுவந்து மேசையில் வைப்பார். சோதனைக் குழாயில் நீல நிறமான பெனடிக்ற் கரைசலை எடுத்து, அதில் எட்டுத் துளி சிறுநீர் விட்டு, விளக்கில் கொதிக்க வைக்க வேண்டும். நீலம் மாறாவிட்டால் சிறுநீரில் சீனி இல்லை. சீனி கூடக்கூடப் பச்சை, இளமஞ்சள், செம்மஞ்சள், கடைசியாகச் செங்கல் நிறம். நான் நிறத்தைத் துண்டில் எழுத, நோயாளி அந்தத் துண்டுடன் டொக்டரிடம் போவார். போத்தலைப் பார்ப்பவள் நான் ஒருத்தி மட்டுமே. டொக்டர் துண்டையும், தேவையானால் குழாயையும்தான் பார்ப்பார். இந்தச் சிறு விவரம் பின்னால் தேவைப்படும்.

2. வாங்கு

டொக்டர் எட்டரைக்கு வருவார். நோயாளிகள் விடிந்தவுடனேயே வந்துவிடுவார்கள். ஏன் இத்தனை வெள்ளென வருகிறார்கள் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. இலக்கம் கொடுத்திருந்தோம், பிந்தி வந்தாலும் முறை தவறாது. பிறகு கண்டேன்: அவர்கள் டொக்டரிடம் வருவதற்கு முன் வாங்குக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

வாங்கை நடத்தியவர் சின்னத்துரை அண்ணை. மினிபஸ்ஸில் கொண்டக்ரராக இருந்தவர். டீசல் இல்லாமல் பஸ் கொட்டிலில் ஏறிவிட, கொண்டக்ரர் மட்டும் ஓய்வுபெறாமல் இருந்தார். யாராவது புதிதாகப் படலைக்குள் வந்தால் போதும்.

"முன்னுக்குப் போங்கோ, முன்னுக்குப் போங்கோ. ஐயா, அந்தக் காலை மடக்கினால் இன்னும் ரண்டு பேர் இருக்கலாம்."

அங்கே சுகம் விசாரிப்பது "இண்டைக்கு என்ன நிறம்?" என்ற கேள்வியால்தான். பச்சை என்றால் பரவாயில்லை என்பார்கள். செம்மஞ்சள் என்றால் எந்த வீட்டுக் கலியாணம் என்று கேட்பார்கள். செங்கல் என்றால் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து இடம் மட்டும் விடுவார்.

இராசம்மா மாமி, கோண்டாவில் பக்கத்து வெங்காயத் தோட்டக்காரர் ஒருவரின் மனைவி. மா இல்லாத நாளில் குரக்கன் பிட்டை உதிராமல் அவிப்பது எப்படி என்பதில் அவருடைய தீர்ப்பே முடிவானது. சுருட்டுக் கொட்டில் வைத்திருந்த நாகலிங்கத்தார் பத்தியத்தில் கடும்போக்குடையவர். வாயைக் கட்டத் தெரிந்தவனுக்கு ஊசி எதற்கு, விழுங்கும் குளிசையே கூடுதல் என்பது அவருடைய கொள்கை. சின்னத்துரை அண்ணைக்கு வாரம் தவறாமல் நீலம் வரும். துண்டை நெற்றிக்கு நேரே பிடித்துக்கொண்டு வாங்கின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து காட்டுவார்.

டொக்டருக்கு வாங்கைப் பிடிக்காது. அதற்கு நியாயமும் இருந்தது. வாங்கின் ஆலோசனையைக் கேட்டு ஒருவர் குளிசையைப் பாதியாக்கி, ஒரு மாதம் கழித்து மயங்கிய நிலையில் தூக்கி வரப்பட்டார். அன்று டொக்டர் வெளியே வந்து, எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக, இனி இப்படி ஒன்று நடந்தால் வாங்கை எடுத்துவிட்டு வரிசையில் நிறுத்துவேன் என்று சொன்னார். அவர் உள்ளே போனதும் சின்னத்துரை அண்ணை மெல்ல, "செக்கிங் வந்திட்டுப் போகுது, எல்லாரும் ரிக்கற்றைப் பத்திரமா வைச்சிருங்கோ," என்றார்.

3. ஒற்றைச் சொக்ஸ்

பவளமக்கா அந்த ஆனியில் வந்து சேர்ந்தார். வயது முப்பத்துநான்கு. கொக்குவிலிலேயே, தண்டவாளத்துக்கு அப்பால், தையல் மெசின் ஒன்றுடனும் படுக்கையில் இருந்த தாயுடனும் வாழ்ந்தார். அந்த மெசினின் மிதியில்தான் வீட்டின் சாப்பாடு இருந்தது. அதிகம் கதைக்கமாட்டார். அவரும் நானும் சேர்ந்து இருந்தால் வாங்கின் அந்த முனை வாசிகசாலை போல இருக்கும் என்று சின்னத்துரை அண்ணை சொல்வார்.

மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை வருவார்; மூன்று முறை தொடர்ந்து அவருக்குச் செங்கல். மூன்றாம் முறை டொக்டர், குளிசை இனிப் போதாது, அடுத்த முறையும் இப்படியென்றால் இன்சுலின்தான் என்று சொல்லிவிட்டார். பவளமக்கா துண்டை நான்காக மடித்துக்கொண்டு வெளியே வந்தார். வாங்கில் யாரோ இடம் விட்டார்கள். அவர் இருக்கவில்லை.

அடுத்த முறை அவருக்கு நீலம். அதற்கடுத்த முறையும் நீலம். டொக்டர் மகிழ்ந்தார். வாங்கு மகிழ்ந்தது. நாகலிங்கத்தார் அவரைத் தம் கொள்கைக்கு உதாரணமாக எடுத்துக்கொண்டார்.

ஐப்பசி வந்தது. மழை தொடங்கிவிட்டது. தீபாவளிக்கு முந்திய வியாழன். பவளமக்கா மெலிந்திருந்தார், தீபாவளிச் சட்டைகள் தைப்பதால் நித்திரை இல்லை என்றார். வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்ற, அவர் இடது செருப்பை மட்டும் கழற்றினார். வலது காலில் ஆண்கள் போடும் ஒரு சாம்பல் நிறச் சொக்ஸ்.

சின்னத்துரை அண்ணை அதை விடவில்லை. "என்ன பவளமக்கா, மற்றக் காலுக்குச் சங்கக் கடையிலை கூப்பன் தரேல்லையோ?"

எல்லோரும் சிரித்தார்கள். பவளமக்காவும் சிரித்தார். மெசினின் மிதி உரசுகிறது, அதற்காகப் போட்டேன் என்றார். நான் அந்தச் சொக்ஸைப் பார்த்தேன். சுண்டுவிரல் பக்கம் ஈரமாக இருந்தது. மழை ஈரமானால் இரண்டு காலுக்கும் பொதுவாக இருந்திருக்க வேண்டும்.

4. மஞ்சள்

அன்று என் மேசையில் முதலில் வந்தது சின்னத்துரை அண்ணையின் போத்தல். பழைய இருமல் மருந்துப் போத்தல்; அதற்குள் நான் அதுவரை காணாத பிரகாசமான மஞ்சள். கொழும்பிலிருந்து தம்பி வைட்டமின் குளிசை அனுப்பியிருப்பதாகவும், அதைத் தொடங்கியதிலிருந்து இப்படிச் சொக்கத் தங்கமாகப் போவதாகவும் அவரே பெருமையுடன் சொன்னார். கொதிக்க வைத்தேன். நீலம்.

ஏழெட்டுப் பேருக்குப் பிறகு பவளமக்காவின் போத்தல் வந்தது. அது மூடியில் சிவப்பு நூல் கட்டியிருக்கும். எங்கிருந்தாலும் அடையாளம் தெரியும். அதற்குள்ளும் அதே மஞ்சள். அதைப் போன்ற மஞ்சள் அல்ல, அதே மஞ்சள்.

கொதிக்க வைத்தேன். நீலம்.

குழாயை இடுக்கியில் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். கரைசலின் நீலத்தில் எட்டுத் துளி மஞ்சள் எங்கோ மறைந்துவிடும். டொக்டர் இதை ஒருபோதும் அறியப்போவதில்லை. கக்கூசுக்குப் பின்னால் ஒரு குரோட்டன் வேலி இருந்தது. ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு போத்தலை வைத்துவிட்டுப் போனால் பெண்கள் பக்கத்திலிருந்து கை நீட்டி எடுக்கலாம். எல்லாம் ஒழுங்காக விளங்கியது.

டொக்டரிடம் சொன்னால் வாங்கு போய்விடும். பவளமக்காவும் மறுபடி வரமாட்டார். சொல்லாவிட்டால் அந்தக் கால் போய்விடும். நிறத்தை நான் துண்டில் எழுதவில்லை. எரிபொருள் நிரப்ப வேண்டும் என்று மிஸியிடம் சொல்லிவிட்டு விளக்கை அணைத்தேன். பிறகு குழாய்கள் கழுவும் வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். நான் வாளி தூக்கினால் தண்ணீர் அள்ளித்தர யார் எழும்பி வருவார் என்பது எனக்குத் தெரியும்.

சின்னத்துரை அண்ணை கயிற்றை இழுத்துக்கொண்டிருக்கும்போது சொன்னேன்: "அண்ணை, இண்டைக்கு ரண்டு போத்தல் ஒரே மஞ்சளா இருக்கு."

அவர் இழுப்பதை நிறுத்தவில்லை. "கண்டிட்டியளோ தங்கச்சி. அந்த வைட்டமினை நான் யோசிக்கேல்லை."

"ஏன் அண்ணை?"

"அவ அண்டைக்கு அந்தத் துண்டை மடிச்சுக்கொண்டு வந்த விதத்தைப் பாத்தனீங்களே? எனக்கு இந்தச் சீனி வருத்தம் வந்து பஸ்ஸும் நிண்ட பிறகு, ஒருத்தருக்குக் குடுக்க என்னட்டை ஒண்டும் இல்லை. இந்த நீலம் ஒண்டுதான் தாராளமா வருது. அதிலை கொஞ்சம் குடுத்தா என்ன குறைஞ்சா போகும் எண்டு நினைச்சன்."

பகிடியாகத் தொடங்கிய குரல் கடைசியில் பகிடியாக இருக்கவில்லை.

நான் சொக்ஸைப் பற்றிச் சொன்னேன். ஈரத்தைப் பற்றியும், பவளமக்கா நடக்கும்போது அந்தக் கால் நோவதாக முகத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பதையும். நீரிழிவுக்காரருக்குக் காலில் நோ தெரியாவிட்டால் அது நல்ல செய்தி அல்ல. அதை எனக்குச் சொல்லித் தந்ததே வாங்குதான்.

கயிறு அவர் கையைவிட்டுப் போயிற்று. வாளி கீழே விழுந்த சத்தம் வெகுநேரம் கழித்துக் கேட்டது போல் இருந்தது.

"காலோ?" என்றார். பிறகு, "நான் கூப்பன் எண்டல்லோ பகிடி விட்டனான்."

5. செல்லாத ரிக்கற்

அவர் நேரே வாங்குக்குப் போனார். நான் வாளியுடன் பின்னால் நின்றேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் பவளமக்காவுக்கு முன்னால், எல்லோருக்கும் நடுவில், நிலத்தில் குந்தினார்.

"பவளமக்கா, நான் தந்த ரிக்கற் இனிச் செல்லாது. நீங்கள் இறங்கி உங்கடை பேரிலை ஒண்டு எடுக்கோணும்."

பவளமக்கா சேலைக் கரையை இழுத்துக் காலை மூடினார். "எல்லாருக்கும் முன்னாலை சொல்லத்தான் வேணுமோ?"

"ஓம். பிழை என்னிலையும் இருக்கு. அதுவும் எல்லாருக்கும் முன்னாலை வரட்டும்." அவர் வாங்கைப் பார்த்துச் சொன்னார்: "ரண்டு மாசமா அவ கொண்டுபோனது என்ரை நீலம்."

பவளமக்கா தாழ்ந்த குரலில், தெளிவாகச் சொன்னார்:

"எங்களைப் பெத்த ஐயா ஊசி தொடங்கி அடுத்த தீவாளியைக் காணேல்லை. ஊசி எண்டா முடிவெண்டுதான் அர்த்தம். நான் முடிஞ்சா அம்மாவை ஆர் பாக்கிறது?"

இந்த இடத்தில் நான் சொல்லக்கூடிய ஒன்று இருந்தது, சொல்ல முடியாததாகவும் இருந்தது. துணி மறைப்புக்கு அருகில் இருப்பவள் நான். அதற்குள் மிஸி யார் யாருக்கு இன்சுலின் கொடுக்கிறார் என்பது எனக்குத் தெரியும். வாங்குக்குத் தெரியாது. தம் நிறத்தையும் மருமகனின் குணத்தையும் ஒளிக்காத அந்த மனிதர்கள், ஊசியை மட்டும் ஒருவருக்கொருவர் ஒளித்து வைத்திருந்தார்கள். அதைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. வாளியைக் கீழே வைத்தேன்.

இராசம்மா மாமிதான் வாய் திறந்தார். குரலில் ஏற்றமோ இறக்கமோ இல்லை. பிட்டைப் பற்றிச் சொல்லும் அதே குரல்.

"நான் ஊசி போடத் தொடங்கேக்கை என்ரை கடைசிப் பெட்டை பால் குடிக்கிறாள். அவள் இப்ப ஏ.எல். சோதினை எடுக்கப் போறாள்."

பவளமக்கா நிமிர்ந்து பார்த்தார். "நீங்களோ மாமி?"

"ஓம். ஒவ்வொரு விடியவும். மருந்தை மண் முட்டிக்குள்ளை ஈர மணலிலை புதைச்சு வைச்சிருக்கிறன். கறண்ட் இல்லாட்டில் மருந்து பழுதாப் போகுமெண்டு நினையாதை."

வாங்கின் ஓரத்தில் இருந்த இன்னொரு பெண் மெல்லத் தன் கையை உயர்த்தினாள். அவளுக்கு அடுத்து ஒரு கிழவர். எல்லோரும் கையைப் பார்த்துக்கொண்டிருக்க, நாகலிங்கத்தார் தொண்டையைச் செருமினார்.

"நானும் ஒரு மூண்டு வருசமாப் போடுறன்," என்றார் மாமரத்தைப் பார்த்தபடி.

சின்னத்துரை அண்ணை எழும்பி வாங்கை முழுதாகப் பார்த்தார். "அப்ப இவ்வளவு பேரும் ரிக்கற்றை மடியிலை ஒளிச்சுக்கொண்டோ என்ரை பஸ்ஸிலை இருந்தனியள்?"

முதலில் சிரித்தது பவளமக்கா. சிரித்தபடியே அழுதார். பிறகு சிவப்பு நூல் கட்டிய தம் போத்தலை என் மேசையிலிருந்து எடுத்து, கழுவி, பின்பக்கம் போனார். வரும்போது சொக்ஸைக் கையில் வைத்திருந்தார்.

விளக்கை ஏற்றினேன். எட்டுத் துளி விட்டேன். குமிழி வரும் முன்னரே குழாய் செங்கலாயிற்று.

6. டொக்டரின் கேள்வி

புண் சுண்டுவிரலுக்குக் கீழே இருந்தது. டொக்டர் நெடுநேரம் குனிந்து பார்த்தார். எலும்புக்குப் போகவில்லை, இன்னும் இரண்டு கிழமை விட்டிருந்தால் விரலோடு நின்றிருக்காது என்றார். புண் ஆறும்வரை மெசினை மிதிக்கக் கூடாது. நாளை காலையிலிருந்து இன்சுலின். பவளமக்கா ஓம் என்றார்.

அவர் வெளியே போனதும் டொக்டர் என்னைப் பார்த்தார். "இதுக்கு முதல் ரண்டு முறையும் நீலம் வந்தது எப்பிடி?"

"போத்தல் மாறியிருந்தது, டொக்டர். இனி மாறாது."

அவர் சன்னலால் வாங்கைப் பார்த்தார். அங்கே இராசம்மா மாமி கையால் அளவு காட்டி முட்டியைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார்.

"நான் ஊசியைப் பற்றி எவ்வளவு சொல்லியிருப்பன். கேக்கேல்லை. உவை அப்பிடி என்ன சொன்னவை?"

"ஒண்டும் சொல்லிக் குடுக்கேல்லை, டொக்டர். தாங்களும் போடுறதெண்டு மட்டும் சொன்னவை."

அவர் கண்ணாடியைத் துடைத்தார். மிஸி வியாழனில்தான் வருவார், முதல் நாள்களில் யாராவது பக்கத்தில் நிற்க வேண்டும், நீர் பார்த்துப் பழகியிருக்கிறீர், போவீரா என்று கேட்டார். போவேன் என்றேன். வாங்கை எடுக்கும் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை. அடுத்த மாதம் அதற்கு எதிரே இன்னொரு வாங்கு வந்தது. அதை யார் கொண்டுவந்து போட்டார் என்று டொக்டர் கேட்கவும் இல்லை, நாங்கள் சொல்லவும் இல்லை.

நோயாளிகள் ஒருவருக்கொருவர் ஏன் துணை நிற்கிறார்கள் என்று என்னிடம் கேட்பவர்கள் இரக்கம் என்ற பதிலை எதிர்பார்க்கிறார்கள். நான் கண்டது வேறு. நோய் வந்தவர் காலை முதல் இரவு வரை பிறரிடமிருந்து பெற்றுக்கொண்டே இருக்கிறார்: மருந்து, பத்தியம், ஏச்சு, அனுதாபம். கொடுப்பதற்குத் தம்மிடமும் ஏதோ இருக்கிறது என்று அவர் அறியும் இடம் அந்த வாங்கு ஒன்றுதான். கொடுக்கும் ஆசை அவரை எழுப்பி நிறுத்துகிறது. அந்த ஆசை பிழையாகவும் கொடுக்கும். தம் நீலத்தைக் கொடுத்த சின்னத்துரை அண்ணையும், தாம் ஒளித்த ஊசியைக் கொடுத்த இராசம்மா மாமியும் ஒரே ஆசையால்தான் கொடுத்தார்கள். ஒன்று காலைப் பறிக்கப் பார்த்தது; மற்றது காத்தது. ஆகவே, மேசைக்கு வரும் மாணவர்களே, அந்த ஆசையை அடக்க முயலாதீர்கள். குழாயைப் பார்க்கும் முன் போத்தலைப் பாருங்கள். போத்தலைப் பார்க்கும் முன் வாங்கைப் பாருங்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை விடிய, பஞ்சு, மதுசாரம், கண்ணாடிச் சிறிஞ்சு எல்லாவற்றையும் துவாயில் சுற்றிக்கொண்டு தண்டவாளத்தோரமாகச் சைக்கிளில் போனேன். பவளமக்காவுக்குச் சொல்ல வேண்டியவற்றை இரவே மனதில் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தேன். அவருடைய வேலியில் ஏற்கெனவே மூன்று சைக்கிள்கள் சாய்ந்திருந்தன.

உள்ளே, மூடி வைத்த தையல் மெசினின் மேல் ஈர மணல் நிரப்பிய ஒரு புது முட்டி இருந்தது. இராசம்மா மாமி ஒரு கத்தரிக்காயைப் பிடித்துக்கொண்டிருக்க, பவளமக்கா அதற்கு வெறும் தண்ணீரை ஊசியால் ஏற்றிப் பழகிக்கொண்டிருந்தார். நாகலிங்கத்தார் கோணம் சரியில்லை என்றார். சின்னத்துரை அண்ணை வாசற்படியில் இருந்து, அந்தக் கத்தரிக்காய்க்கு இனிச் சீனி வருத்தமே வராது என்றார். கட்டிலில் கிடந்த தாய் சிரித்தார்.

நான் அடுக்கி வைத்திருந்த எதுவும் தேவைப்படவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் குசினிக்குள் போய், சிறிஞ்சை அவிப்பதற்கு அடுப்பில் தண்ணீர் வைத்தேன்.